செப்பு மருந்தோடு கலந்த பக்டீரியாத் தூள்

கேள்வி: நுவரெலியாவுக்கு அருகே கந்தப்பளையில் அரை ஏக்கரில் லீக்ஸும் உருளைக்கிழங்கும் பயிரிடுகிறேன். கடைக்காரர் சொன்னார் என்று சூடோமோனாஸ் என்ற பக்டீரியாத் தூள் வாங்கி, செப்பு கலந்த பங்கசு மருந்தோடு ஒரே தாங்கியில் கரைத்து, மதியம் அடித்தேன். ஒரு மாற்றமும் இல்லை. இது ஏமாற்று வேலையா? வறட்சிக்கும் பனிக்கும் இது உதவுமா? யூரியாவை நிறுத்திவிடலாமா?

பதில்: ஏமாற்று வேலை இல்லை, காசு கொடுத்து வாங்கியதை நீங்களே கொன்றுவிட்டீர்கள். செப்பு, பங்கசைப் போலவே பக்டீரியாவையும் கொல்லும். அதற்குத் தப்பியவற்றை உச்சி வெயில் முடித்திருக்கும்.

அந்தப் பொட்டலத்தில் இருப்பது பசளை அல்ல, உயிர். நம் பக்கத்துக் குளிரில் தோசை மாவு புளிக்க வேண்டுமென்றால் சட்டியை அடுப்போரம் வைக்கிறோம் அல்லவா? அதே கணக்குத்தான். குளிர்ந்த மண்ணில் இந்தப் பக்டீரியா மெதுவாகத்தான் பெருகும். உண்ண எதுவும் இல்லாத மண்ணில் பெருகவே பெருகாது. ஆகவே நன்றாக மக்கிய கூட்டெருவோடு சேர்த்தே இடுங்கள். அரை ஏக்கருக்கு அரைக் கிலோ தூள், பத்துக் கிலோ கூட்டெரு. ஈர மண்ணில், மாலையில். பொட்டலத்தின் காலாவதித் திகதியையும் பாருங்கள்.

லீக்ஸுக்கு இதைவிடச் சிக்கனமான வழி நாற்றின் வேரை நனைப்பது. ஒரு லீற்றர் நீருக்குப் பத்துக் கிராம் தூள் கரைத்து, பிடுங்கிய நாற்றை அரைமணி நேரம் வைத்து, உடனே நடுங்கள். குழாய் நீரில் குளோரின் இருந்தால் முதல் நாளே வாளியில் திறந்து வையுங்கள். பங்கசு மருந்துக்கும் இதற்கும் ஒரு வாரமாவது இடைவெளி வேண்டும்.

வறட்சிக்கு உண்மையிலேயே கைகொடுக்கும். நீர் குறைந்தால் வேரில் எத்திலீன் வாயு கூடி, வேர் வளர்வதை நிறுத்திக்கொள்ளும். சில பக்டீரியாக்கள் எத்திலீன் உருவாகும் மூலப்பொருளையே தின்றுவிடுவதால் வேர் மேலும் சிறிது காலம் வளரும். இன்னும் சில, வேரைச் சுற்றிப் பசை போன்ற ஒன்றைச் சுரந்து ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஆனால் தை, மாசியில் இலையைக் கருக்கும் உறைபனிக்கு இது மருந்தல்ல. வேடிக்கை என்னவென்றால், சூடோமோனாஸ் குடும்பத்திலேயே ஒரு வகை, இலையில் பனிக்கட்டி சீக்கிரம் உறையத் துணைபோகிறது! நீங்கள் வாங்கியது அதுவல்ல, பயப்பட வேண்டாம்.

யூரியாவை அடியோடு நிறுத்தாதீர்கள். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தியபோது மலையகம் பட்ட பாட்டை மறக்கவில்லை. இரண்டு பாத்திகளில் மட்டும் கால்பங்கு குறைத்துப் பார்த்து, விளைச்சல் குறையாவிட்டால் மற்றப் பாத்திகளிலும் குறையுங்கள்.

இவற்றுக்கெல்லாம் முன்பு மண்ணைப் பரிசோதியுங்கள். மழை கழுவும் நம் மண் புளிப்பேறியது. புளிப்பைக் காட்டும் பீஎச் அளவு 5.5 க்குக் கீழே இருந்தால் (அளவு குறையக் குறையப் புளிப்பு கூடும்) முதலில் புளிப்பைத் தணிக்கும் டொலமைட் சுண்ணாம்புத் தூள் இட்டு, இரண்டு மூன்று வாரம் பொறுத்துப் பக்டீரியாவை இடுங்கள். அந்தப் புளிப்பில் இரும்பும் அலுமினியமும் பயிருக்கு வேண்டிய பொசுபரசு சத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஆண்டாண்டாய்க் கோழி எருவும் பசளையும் கொட்டிய நிலத்தில் பொசுபரசுக்குப் பஞ்சமிராது, அது பூட்டிக் கிடக்கிறது, அவ்வளவுதான்.

உருளைக்கிழங்கைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பச்சையாகவே வாடும் செடியின் தண்டை அடியில் வெட்டி, கண்ணாடிக் குவளை நீரில் வெட்டுமுனை நனையும்படி ஆடாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் பால் நூல் போல ஏதாவது கீழே இறங்கினால் அது பக்டீரியா வாடல். எந்தப் பொட்டலமும் அதைக் குணப்படுத்தாது. செடியைக் கிழங்கோடும் சுற்றியுள்ள மண்ணோடும் அகற்றிவிட்டு, விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள்.

அடுத்த போகத்தில் லீக்ஸ் நடும்போது இரண்டு பாத்திகளின் நாற்றை மட்டும் தூள் கரைசலில் நனைக்காமல் நடுங்கள். நாற்பதாம் நாள் இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு செடியை மண்வெட்டியால் கெல்லி எடுத்து, மெல்ல உதறுங்கள். பக்டீரியா பிடித்திருந்தால் நனைத்து நட்ட பக்கத்து வேரில்தான் மண் அதிகமாக ஒட்டிக்கொண்டிருக்கும்.