தறிக்காரர் யாரிடம் மனம்விட்டுப் பேசலாம்?

கேள்வி: பல்லடம் அருகே 8 விசைத்தறிகளில் கூலிக்குக் காடா துணி (சாயம் ஏற்றாத துணி) நெய்கிறோம். 3 மாதமாகப் பாவு (தறியில் ஏற்றும் நெடுக்கு நூல்) சரியாக வருவதில்லை. கணவர் கடன் கவலையில் இரவெல்லாம் தறிக்குடோன் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார். சொந்தக்காரர்களிடம் சொல்லலாம் என்றால், "சொன்னால் கடன் தீர்ந்துவிடுமா?" என்று கேட்கிறார். தெரிந்த ஒருவர் மன அமைதிப் பயிற்சிக்கு 15,000 ரூபாய் கட்டச் சொல்கிறார். கட்டலாமா?

பதில்: முதலில், அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள்.

உங்கள் கணவர் கேட்பது நியாயம்தான். பேசுவதால் கடனில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. ஆனால் கடன்காரர் வருவார் என்ற நினைப்பிலேயே நெஞ்சு படபடக்கிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, தூக்கம் போய்விடுகிறது. அதே நெருக்கடியிலும், கேட்டால் ஓடி வர ஒருவர் இருக்கிறார் என்று நம்புகிறவருக்கு இந்தப் பாதிப்பு குறைகிறது. உண்மையில் கிடைத்த உதவியைவிட இந்த நம்பிக்கைக்கே பலன் அதிகம் என்பது ஆய்வுகளில் பலமுறை தெரியவந்த செய்தி. எந்தக் கடனை முதலில் அடைப்பது என்று யோசிக்க, மனிதர் முதலில் தூங்கி எழ வேண்டும் அல்லவா?

அதற்காக ஊரைக் கூட்ட வேண்டாம், ஒருவர் போதும். உங்கள் அண்ணனோ, பக்கத்துத் தறிக்காரரோ, தறி ஓடாத நேரமாகப் பார்த்து வந்து, டீ குடித்தபடி, யாருக்கு எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று அவருடன் உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதட்டும். "எல்லோருக்கும் இருப்பதுதானே" என்று மட்டும் சொல்லிவிட வேண்டாம். சாயங்காலம் பாட்டிலோடு வரும் நண்பர்களை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். மது பாதி இரவில் தூக்கத்தைக் கலைத்துவிடும்.

ஒரு விலக்கு உண்டு. கடன் கொடுத்தவரே பங்காளியாகவோ மச்சானாகவோ இருந்தால், அவர் எவ்வளவு நல்லவரானாலும் அவரிடம் மனம்விட்டுப் பேச வேண்டாம். இன்று அழுதது நாளை வட்டிப் பேச்சில் வந்து நிற்கும். அவருடைய மனைவி காதுக்குப் போனாலும் அதே கதைதான். அவருக்கு வேண்டியவர்கள் வழியாகத் தூது விடுவதும் கூடாது. அவரிடம் கடன் பேச்சை மட்டும், இன்னொருவரை உடன் வைத்துப் பேசுங்கள்.

இனி அந்தப் பயிற்சிக்காரர். ஆள் சேர்த்துவிட்டால் தரகு கிடைக்கும் என்பதற்காகவே சிலர் அக்கறையோடு வீடு தேடி வருகிறார்கள். என்னிடம் வந்த ஒரு நெசவாளர், கடன் கவலையைப் போக்கும் முகாமுக்குக் கடன் வாங்கிப் பணம் கட்டியிருந்தார். நடத்துபவர் மனநல மருத்துவரா, உளவியலாளரா என்று கேளுங்கள். பேச்சை மாற்றினால் வழியனுப்பிவிடுங்கள்.

2022 அக்டோபரிலிருந்து 14416 என்ற அரசு மனநல உதவி எண் இயங்குகிறது. 24 மணி நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம். அரசுத் தலைமை மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும் கட்டணம் இல்லை. ஆனால் தாலுகா மருத்துவமனைக்கு மனநல மருத்துவர் எந்தக் கிழமை வருகிறார் என்று ஒரு பலகை வைக்கக்கூட நம் நிர்வாகத்துக்கு மனம் வருவதில்லை. ஒரு நாள் வேலையை விட்டு வந்தவர் வெறுங்கையோடு திரும்புகிறார். போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள், அண்ணனையும் உடன் அழைத்துப் போங்கள்.

தூக்கமின்மையும் சோர்வும் 2 வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். "நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி" என்பதுபோல் ஒரு வார்த்தை வந்தாலும் மானம் மரியாதை பார்க்காமல் உறவினரை வரவழையுங்கள். அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.