தடுப்பின் உயரம் எவ்வளவு?

கேள்வி: கொள்ளுப்பிட்டியிலுள்ள எங்கள் அலுவலகத்தில் அறைச் சுவர்களை அகற்றிவிட்டார்கள். போவோர் வருவோரெல்லாம் என் கணினித் திரையைப் பார்க்கிறார்கள். உயரமான தடுப்பு வைத்தாலோ பக்கத்தில் யார் இருக்கிறார் என்பதே தெரியாது. என்ன செய்யலாம்?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: உங்கள் சங்கடம் முற்றிலும் நியாயமானது. அமர்ந்திருப்பவரின் கண்மட்டம் தரையிலிருந்து ஏறத்தாழ 120 சென்ரிமீற்றர் என்பதால், ஏற்றி இறக்கக்கூடிய தடுப்பை 110இல் நிறுத்தினால் முகங்கள் தெரியும், 140க்கு உயர்த்தினால் மறையும். முதுகுப் பக்கத் தடுப்பு மட்டும் எப்போதும் உயர்ந்தே இருக்கட்டும். திரையைக் காட்டிக்கொடுப்பது அந்தப் பக்கம்தான். திறந்த மண்டபம் நெருக்கத்தை வளர்க்கும் என்று நிர்வாகம் வாதிட்டால், அவ்வாறு மாறிய இரு நிறுவனங்களில் நேருக்கு நேர் உரையாடல் சுமார் 70 சதவீதம் குறைந்ததென 2018இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் வெளியிட்டதைச் சுட்டிக்காட்டுங்கள். பேச்சொலியை இத்தடுப்புகள் அடக்கமாட்டா; சம்பளம், சுகவீனம் பற்றிப் பேசுவதற்குக் கதவுள்ள அறை ஒன்றையும் கட்டாயம் கேளுங்கள்.