உப்பு வயலுக்குப் பாக்டீரியா வாங்கலாமா?

கேள்வி: வேதாரண்யம் பக்கம் எங்களுக்கு மூன்று மா நிலம். கோடையில் வரப்போரம் வெள்ளையாக உப்புப் பூக்கிறது. நட்ட நாற்று பத்தே நாளில் நுனி கருகிவிடுகிறது. நுண்ணுயிர் உரம் போட்டால் உப்பு போய்விடும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?
– ஒரு வாசகி, நாகை மாவட்டம்

பதில்: வாங்குங்கள் அம்மா. ஆனால் உப்பு போய்விடும் என்ற பேச்சை நம்பாதீர்கள். உப்பைக் கரைத்து வெளியேற்ற மழைநீரும் வடிகாலும் வேண்டும். ஐப்பசி மழையை வரப்பு உயர்த்தித் தேக்கி, இரண்டு மூன்று முறை வடித்துவிடுங்கள்.

பாக்டீரியா காப்பது வேரை. உப்பு தாக்கியதும் நாற்று எத்திலீன் வாயுவை அளவுக்கு மீறிச் சுரக்கும். வேர் வளர்ச்சி நின்றுவிடும். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவில் சில ரகங்கள் அந்த வாயுவுக்கான மூலப்பொருளையே சிதைத்துவிடுகின்றன. உப்புக்குப் பழகிய பாக்டீரியா நம் கரையிலேயே உண்டு. பிச்சாவரம் காட்டு நெல்லில் கிடைத்த ஒன்று, நூற்றுக்கு 3 பங்கு உப்பிலும் வளர்கிறது, தழைச்சத்தையும் நிலைநிறுத்துகிறது. 2004இல் அதற்கு வேளாண் விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதனைப் பெருமைப்படுத்தும் விதமாகச் சுவாமிநாதனியா என்று பெயர் வைத்தார்கள். எனக்கு அதில் இன்றும் பெருமை.

முதல் வருஷம் நான் பாக்டீரியா பாக்கெட்டுகளை நண்பகல் வெயிலில் வண்டிப் பெட்டியிலேயே விட்டுவிட்டேன். உள்ளே இருந்தவை உயிர்கள் என்பது அப்போது மனதில் பதியவில்லை. பலன் ஒன்றும் இல்லை. மறு வருஷம் பாக்கெட்டை நிழலில் வைத்திருந்து, கரைத்து, நாற்றின் வேரை அதில் நனைத்தேன். மூன்றாம் வாரம் நனைத்த நாற்று ஒன்றையும் நனைக்காதது ஒன்றையும் பிடுங்கி வாய்க்காலில் அலசினேன். நனைக்காததன் வேர் பழுப்பாக, நூல் போல மொட்டையாக இருந்தது. மற்றதில் வெள்ளைச் சல்லி வேர்கள். எவ்வளவு அலசியும் மண் விடவில்லை.

உங்கள் மூன்று மா ஏறக்குறைய ஒரு ஏக்கர். தழைச்சத்தை நிலைநிறுத்தும் பாக்டீரியாவான அசோஸ்பைரில்லம் 200 கிராம் பாக்கெட் இரண்டை 16 லிட்டர் தண்ணீரில் கரைத்து, நாற்றின் வேரை அரை மணி நேரம் நனைத்து உடனே நடுங்கள். நட்ட 30ஆம் நாள் ஒரு கிலோ சூடோமோனாஸை 20 கிலோ மக்கிய எருவில் கலந்து தூவுங்கள். யூரியாவோடும் பூஞ்சாணக் கொல்லியோடும் கலக்கவே கூடாது. கோடையில் பசுந்தாள் உரப்பயிரான தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதால் இந்தப் பாக்டீரியாக்களுக்குத் தீனியும் கிடைக்கும்.

அதற்கு முன் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். கரையும் உப்பு மிகுந்த உவர் நிலம் வேறு, சோடியம் மண்ணில் ஒட்டிக்கொண்ட களர் நிலம் வேறு. களருக்கு ஜிப்சம் இட்டாக வேண்டும். பரிசோதனை முடிவு அட்டையில் உள்ள கார அமில நிலையையும் உப்பின் அளவையும் எனக்கு எழுதுங்கள், உங்கள் நிலம் எது என்று சொல்கிறேன்.