தமிழ்ப் பக்கத்தை என்விடிஏ குழப்பி வாசிப்பது குறித்து

வணக்கம். உங்கள் தமிழ்ப் பக்கத்தை என்விடிஏ திரைவாசிப்பான் (பார்வையற்றோருக்குத் திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் மென்பொருள்) ஆங்கிலக் குரலில் குழப்பி வாசிப்பதாகவும், எழுத்துருவை மாற்றியும் பயனில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். எழுத்துரு கண்ணுக்கு உரியது. திரைவாசிப்பானுக்கு அது பொருட்டே அல்ல. பக்கத்தின் மொழியைச் சொல்லும் 'லேங்' (lang) பண்பைப் பார்த்தே அது குரலைத் தேர்கிறது. ஆயத்த வார்ப்புருக்களில் எச்டிஎம்எல் தொடக்கக் குறியின் இந்தப் பண்பு பெரும்பாலும் ஆங்கிலத்துக்குரிய 'இஎன்' (en) என்றே இருக்கும் என்பதால், அதைத் தமிழுக்குரிய 'டிஏ' (ta) என மாற்றி, இடையே வரும் ஆங்கிலப் பத்திகளுக்கு மட்டும் தனியே 'இஎன்' என்று குறியுங்கள். இணையப் பக்கங்களை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்துவதற்கான டபிள்யூசிஏஜி நெறிமுறையில் முன்னது ஏ என்னும் அடிப்படை நிலைத் தேவை, பின்னது அதற்கு அடுத்த ஏஏ நிலை. பிறகு என்விடிஏவின் பேச்சு அமைப்புகளில் தானியங்கி மொழிமாற்றம் இயங்குகிறதா என்று உறுதிசெய்துகொண்டு, அதனுடனேயே வரும் ஈஸ்பீக் என்ஜி குரலில் (தமிழும் அதில் உண்டு, இனிமையை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்) திரையை அணைத்துவிட்டுப் பக்கம் முழுவதையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.