'லா' என்றால் சட்டம் மட்டுமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து இம்முறை வந்த கேள்விகளில் ஐந்து, 'லா' என்ற ஒரே ஆங்கிலச் சொல்லைப் பற்றியவை. ஐந்துக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

என் மகன் 'நியூட்டனின் சட்டங்கள்' என்று எழுதினான். ஆசிரியர் அடித்துவிட்டார். தவறா?

ஆசிரியர் செய்தது சரி. சட்டம் மனிதர் இயற்றுவது. மீறவும் முடியும், தண்டிக்கவும் முடியும். நியூட்டன் 1687இல் வெளியிட்டவை, பொருள்கள் இயங்கும் முறையைக் கண்டு சொன்னவை. பால்மரத்துக் (ரப்பர் மரத்துக்) காய் வெடித்து விதை கீழே விழுவதை எந்த நாடாளுமன்றமும் தடுக்க முடியாது. 'விதி' என்று எழுதச் சொல்லுங்கள். இரண்டையும் 'லா' என்றே சொல்லும் ஆங்கிலத்துக்கு இல்லாத வசதி நமக்கு இருக்கிறது. அதை ஏன் விடவேண்டும்?

மருமகளுக்கும் நீதிமன்றத்துக்கும் என்ன சம்பந்தம்? ஏன் 'டாட்டர்-இன்-லா'?

சம்பந்தம் நீதிமன்றத்தோடு அல்ல, தேவாலயத்தோடு. திருமணத்தால் உறவானவர்களையும் இரத்த உறவினரைப் போலவே கருதி, அவர்களை மணக்கக் கூடாது என்றது பழைய திருச்சபைச் சட்டம். அந்த 'லா'வின்படி மகள், அந்த 'லா'வின்படி தாய். நம் உறவுமுறையின் கணக்கே வேறு. மச்சான், கொழுந்தன், சகலை மூவரும் ஆங்கிலத்தில் 'பிரதர்-இன்-லா'தான். அதனால் மொழிபெயர்க்குமுன் 'யாருக்கு யார்' என்று கேட்டே ஆகவேண்டும். நம் நாட்டின் 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் நெருங்கிய உறவில் மணப்பதைத் தடுக்கிறது. ஆனால் இந்து வழக்கப்படி தாய்மாமன் அக்காள் மகளை மணப்பதற்கு விலக்கு அளித்திருக்கிறது. தமிழர் வழக்கத்துக்குச் சட்டம் விட்ட அந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது.

பன்மையில் 'மதர்ஸ்-இன்-லா' என்றே வரும். கடைசியில் 'ஸ்' சேர்க்காதீர்கள்.

'ஆக்ட்', 'லா' இரண்டும் ஒன்றா?

இல்லை. நாடாளுமன்றம் நிறைவேற்றும் தனித்தனிச் சட்டம் 'ஆக்ட்', மலாயில் 'அக்தா'. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் அப்படி ஒன்று. 'லா' அதைவிட விரிந்தது. நம் கூட்டரசு அரசியலமைப்பின் 160ஆவது பிரிவு எழுதப்பட்ட சட்டம், நடைமுறையில் உள்ள ஆங்கிலப் பொதுச் சட்டம், சட்ட வலிமை பெற்ற வழக்கம் மூன்றையும் 'லா' என்றே சொல்கிறது.

படத்தில் 'தி லா' வருகிறது என்று ஓடுகிறார்களே?

போலீஸ். முன்னால் 'தி' இருப்பதைக் கவனியுங்கள். கல்லூரியில் படிக்கும் 'லா'வுக்கு அது தேவையில்லை.

எங்கள் தாத்தா 'மார்ஷியல் லா காலம்' என்பார். அதைக் கட்டுரையில் எழுதலாமா?

நம் வட்டாரத்தில் 1948 ஜூன் 16இல் தோட்ட நிர்வாகிகள் மூவர் சுட்டுக்கொல்லப்பட்டபின் மலாயாவில் அறிவிக்கப்பட்டது அவசரகாலம். ஆட்சி இராணுவத்தின் கைக்குப் போனால்தான் 'மார்ஷியல் லா'; இங்கே குடிமை அரசு தொடர்ந்தது. ஆனால் ஊரடங்கையும் விசாரணையற்ற தடுப்புக்காவலையும் முள்வேலியையும் கண்டவருக்கு இந்த வேறுபாடு எப்படித் தெரிந்திருக்கும்? தாத்தாவின் சொல்லை மேற்கோளுக்குள் அப்படியே வையுங்கள். உங்கள் சொந்த வாக்கியத்தில் 'அவசரகாலம், 1948–1960' என்று எழுதுங்கள்.