எலியில் பலித்த ஸ்டெம் செல் சிகிச்சையை ஏன் மறுபடியும் குரங்கில் சோதிக்கிறார்கள்?

கேள்வி இதுதான்: "முள்ளந்தண்டு வடம் அறுந்த எலியை ஸ்டெம் செல் வைத்து நடக்கவே வைத்துவிட்டார்கள். அப்புறம் எதற்குக் குரங்குகளை வதைக்க வேண்டும்? நேரே மனிதருக்குக் கொடுத்தால் என்ன?" (ஸ்டெம் செல் என்பது வேறு வேறு வகைக் கலங்களாக மாறக்கூடிய மூலக் கலம். கலம் என்றால் செல்.)

நான் கிளிநொச்சிப் பக்கம் உயர்தர உயிரியல் படிப்பிக்கிறேன். ஆனால் இதற்குப் பதில் எழுதுவது என் அண்ணாவுக்காக. 2009 பங்குனியில், போரின்போது, மாத்தளனில் ஷெல் துண்டு கழுத்தில் பட்டு அவருக்கு வடம் அறுந்தது. பார்க்கிறவர்கள் அவருடைய கால்களைப் பார்த்துத்தான் கவலைப்படுவார்கள். அவர் ஏங்குவது விரல்களுக்கு. தோள் அசையும், முழங்கை மடங்கும், ஆனால் பெருவிரலும் சுட்டுவிரலும் ஒன்றையொன்று தொடாது. கச்சான் கோது உடைக்கவும் அம்மா வரவேண்டும். விறாந்தையில் அவருடைய சக்கர நாற்காலிக்கு நேரே மாமரம். அதில் வந்திருக்கும் செங்குரங்கு கச்சானை இரண்டு விரலால் பிடித்து, திருப்பிப் பார்த்து, கோதை உடைத்து, பருப்பின் தோலையும் உரசித் தள்ளிவிட்டுத் தின்னும். அண்ணா அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அந்த விரல்களில்தான் இருக்கிறது. மூளையிலிருந்து கைக்குக் கட்டளை கொண்டுபோகும் முக்கியமான நரம்புப் பாதை எலியில் பெரும்பாலும் வடத்தின் முதுகுப்புறமாக ஓடுகிறது. நமக்கும் குரங்குக்கும் அது பக்கவாட்டில் ஓடுகிறது. அதோடு, நமக்கும் குரங்குக்கும் அந்தப் பாதையின் நார்களில் ஒரு பகுதி கைத்தசையை இயக்கும் நரம்புக் கலங்களோடு நேரடியாகவே இணைகிறது. விரல் நுனியால் ஒன்றைக் கிள்ளி எடுக்க முடிவது பெரும்பாலும் அதனால்தான். எலியில் அந்த நேரடி இணைப்பு இல்லை என்றே சொல்லலாம். அளவும் வேறு: எலியில் சில மில்லிமீற்றர் வளர்ந்தால் போதுமான நார், நமக்குப் பல சென்ரிமீற்றர் போகவேண்டும்.

இது வெறும் ஊகம் இல்லை. கலிபோர்னியாவில் ஒரு குழு மனித நரம்பு முன்னோடிக் கலங்களை, அதாவது நரம்புக் கலங்களாக வளரக்கூடிய இளம் கலங்களை, ரீசஸ் குரங்குகளின் கழுத்து வடத்தில் வைத்து, முடிவை 2018 இல் வெளியிட்டது. எலியில் நன்றாகப் பிடித்த அதே முறை குரங்கில் முதலில் பிடிக்கவில்லை. வடத்தைச் சுற்றியுள்ள திரவம் கலங்களைக் கழுவிக்கொண்டு போகாமல் பார்க்க வேண்டியிருந்தது, நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தை மாற்ற வேண்டியிருந்தது. கடைசியில் 9 குரங்குகளில் 5 இல் கலங்கள் தங்கின. அவற்றிலிருந்து லட்சக்கணக்கான நார்கள் கிளம்பி, சில 50 மில்லிமீற்றர் வரை போயின. சில மாதங்களுக்குப் பிறகு கையின் பிடியிலும் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. முதலில் வந்த அந்தத் தோல்வி என் அண்ணாவின் கழுத்தில் நடந்திருந்தால் என்று யோசித்துப் பாருங்கள்.

இதயத்திலும் இதே கதைதான். மனித ஸ்டெம் செல்லில் வளர்த்த இதயத் தசைக் கலங்களைக் குரங்கின் பழுதடைந்த இதயத்தில் வைத்த ஆய்வு 2014 இல் வந்தது. கலங்கள் தங்கின, தசையோடு சேர்ந்தும் துடித்தன. ஆனால் இதயத் துடிப்பு தாறுமாறானது. எலிகளில் இப்படி ஒரு ஆபத்து வெளியே தெரியவே இல்லை. சுண்டெலியின் இதயம் நிமிடத்துக்கு 500 தடவைக்கு மேல் அடிக்கும். புதிய கலங்கள் தம்பாட்டுக்குத் துடித்தாலும் அந்த வேகத்தில் அமுங்கிப் போய்விடும்.

குரங்கில் சரிவந்து மனிதருக்குப் போனதும் உண்டு. ஜப்பானின் கியோத்தோவில் ஜுன் தகஹாஷியின் குழு, கை நடுங்கி அசைவு குறைந்துபோகும் பார்க்கின்சன் நோய்க்கான நரம்புக் கலங்களைக் குரங்குகளின் மூளையில் வைத்து, இரண்டு வருடம் வரை கட்டி ஏதும் வளர்கிறதா என்று காத்திருந்து, 2017 இல் முடிவை வெளியிட்டது. அடுத்த வருடமே நோயாளிகளில் தொடங்கினார்கள். 2025 இல் வந்த முடிவில் பெரிய பாதிப்பு ஒருவருக்கும் இல்லை. அந்த இரண்டு வருடக் காத்திருப்புத்தான் என்னைப் பொறுத்தவரை மிக மதிப்பானது.

சில வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டுக்கு ஒரு முகவர் வந்தார். வெளிநாட்டில் ஒரு சிகிச்சை நிலையம், ஸ்டெம் செல் ஊசி, முப்பது இலட்சம் ரூபா. போனில் எலி நடக்கும் காணொளியைக் காட்டினார். அம்மா வயலை ஈடு வைக்கத் தயார். அண்ணா ஒன்றுதான் கேட்டார்: "குரங்குக்குப் போட்டுப் பாத்தவையோ?" அதெல்லாம் தேவையில்லை, நேரே ஆட்களுக்கே கொடுக்கிறோம் என்றார் முகவர், அதுவே பெருமை மாதிரி. வயல் தப்பியது. "நேரே மனிதருக்குக் கொடுத்தால் என்ன" என்ற உங்கள் கேள்வியைப் பார்த்ததும் எனக்கு அந்த மனிதர்தான் நினைவுக்கு வந்தார்.

இதற்காக எந்தக் குரங்கையும் பிடித்துக் கொடுக்கலாம் என்று சொல்ல வரவில்லை. 2023 இல் நம் நாட்டுச் செங்குரங்குகள் ஒரு இலட்சத்தைச் சீனாவுக்கு அனுப்பும் பேச்சு வந்தபோது, இளநீர்க் குரும்பையைப் பறிகொடுத்த எங்கள் ஊர்க்காரர் பலர் "கொண்டு போகட்டும்" என்றார்கள். அவர்களின் நட்டம் எனக்கும் தெரியும், எங்கள் தென்னையிலும் ஒன்றும் மிஞ்சுவதில்லை. ஆனாலும் அந்தப் பேச்சை நான் எதிர்த்தேன். செங்குரங்கு இலங்கையில் மட்டுமே உள்ள இனம், அழியும் ஆபத்திலுள்ளவற்றின் பட்டியலில் இருக்கிறது. காட்டில் பிடித்த குரங்கின் வயதும் தெரியாது, அதற்குள் இருக்கும் நோயும் தெரியாது; அதில் செய்யும் ஆய்வை நம்பவும் முடியாது. எலியிலோ ஆய்வுக்கூடத்தில் வளர்த்த கலத்திலோ விடை கிடைக்கும் கேள்விக்குக் குரங்கைத் தொடுவது பிழை. விரலுக்கும், இதயத் துடிப்புக்கும், நீண்ட காலம் கழித்து வரக்கூடிய கட்டிக்கும்தான் குரங்கு வேண்டியிருக்கிறது. அதுவும் எத்தனை குறைவாக முடியுமோ அத்தனை.

2025 இல் ஜப்பானின் கெய்யோ பல்கலைக்கழகம் வடம் காயப்பட்ட நான்கு பேருக்குக் கலங்கள் வைத்த முடிவைச் சொன்னது. இரண்டு பேருக்கு முன்னேற்றம். அதற்கு முன் மாமோசெட் என்ற சின்னக் குரங்குகளில் பல வருட வேலை நடந்திருந்தது. அண்ணாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர்கள் எல்லாரும் காயப்பட்டுச் சில கிழமைகளே ஆனவர்கள், அண்ணாவுடையது பழைய காயம் என்பதையும் மறைக்கவில்லை.

அவர் கேட்டது வேறு. "அந்தக் குரங்குகள் பிறகு என்னவாச்சுது?"

கொன்று, வடத்தை எடுத்துச் சீவி, நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"பிடிக்காமப் போனதையும் எழுதினவையோ?"

"எழுதினவை அண்ணா."

"அப்ப சரி," என்றுவிட்டு மாமரத்தைப் பார்த்தார்.