எந்த போகிமான் கார்டை கிரேடிங்குக்கு அனுப்பலாம்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) போகிமான் விளையாட்டின் படக் கார்டுகளை வாங்கி விற்கும் பையன்கள் அடிக்கடி கேட்பது இது. கிரேடிங் என்றால், ஒரு நிறுவனம் கார்டு அசலா என்று சோதித்து, அதன் நிலைக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண் கொடுத்து, பிளாஸ்டிக் உறையில் அடைத்து முத்திரையிடுவது. அமெரிக்காவின் பிஎஸ்ஏ (PSA) நிறுவனம் 1991 முதல் இதைச் செய்கிறது.

ஏன் தேவை? முகம் தெரியாதவரிடம் வாங்குகிறவருக்கு 'புதுசு மாதிரிதான் இருக்கு' என்ற பேச்சு போதாது. தாத்தா காலத்து ரப்பர் ஷீட்டை நினைத்துப் பாருங்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, குமிழியும் அழுக்கும் பார்த்துத் தரம் பிரிப்பார்கள், விலையும் அதன்படிதான். கார்டிலும் அதே கண்தான் வேண்டும்: மூலைகள், ஓரங்கள், மேற்பரப்பு, படம் சரியாக நடுவில் அச்சாகியிருக்கிறதா. விளக்கடியில் சாய்த்தால் மெல்லிய கீறலும் தெரியும். பின்பக்க நீல ஓரத்தில் வெள்ளை தெரிந்தால் 10-ஐ மறந்துவிடுங்கள்.

அப்புறம் கணக்கு. 9 கிடைத்தால் என்ன விலை என்று பாருங்கள். கேட்கும் விலையை அல்ல, உண்மையில் விற்றுப்போன விலையை. கட்டணம், தபால் செலவு கழித்த பிறகும் இப்போதைய விலையைவிடக் கையில் கூடுதலாக நின்றால் அனுப்பலாம். இருபது வெள்ளி (ரிங்கிட்) விலையுள்ள கார்டுக்குப் பெரும்பாலும் நிற்காது. (அப்பா வாங்கிக் கொடுத்த முதல் கார்டு என்றால் கணக்கே வேண்டாம், அது வேறு விஷயம்.)

'பழைய கார்டு என்றாலே விலை போகும்' என்பது தவறு: 1999-இல் வந்த ஆங்கிலப் பதிப்பிலும் சாதாரண கார்டுகள் ஏராளமாக அச்சாயின, ரப்பர் பேண்டு போட்டு லயத்து வீட்டு அலமாரியில் கிடந்தவை வயதை வைத்து மட்டும் தேறாது.